கடுக்காய் நீரில் ஒரு துருப்பிடித்த ஆணி

நாட்டு மருந்துக் கடையில் நான்கு கடுக்காய் வாங்குங்கள். தட்டி உடைத்து, உள்ளே இருக்கும் கொட்டையை எறிந்துவிட்டு, மேல்சதையை மட்டும் ஒரு தம்ளர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். ஆறியதும் வடிகட்டி, இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் பாதிப் பாதியாக ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் துருப்பிடித்த இரண்டு ஆணிகளைப் போட்டு இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். விடிந்ததும் பிள்ளையை எழுப்பிக் காட்டுங்கள். பழுப்பாக இருந்த தண்ணீர் நீலங்கலந்த கறுப்பாக மாறியிருக்கும். துடைப்பக் குச்சியின் நுனியை அதில் தொட்டுத் தன் பெயரைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். அது மை. கடையில் மை விற்காத காலத்தில் இப்படித்தான் மை செய்தார்கள். ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் இதே முறையில் செய்த மையால்தான் பத்திரங்களும் புத்தகங்களும் எழுதப்பட்டன. அங்கே கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் பூச்சியால் உண்டாகும் காய் போன்ற முண்டுகளைப் பயன்படுத்தினார்கள்.

இன்னொரு தம்ளரையும் விட்டுவிட வேண்டாம். ஒரு ஸ்பூன் முட்டை வெள்ளைக்கருவை அரை தம்ளர் தண்ணீரில் கலக்கி, கடுக்காய் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தெளிவாக இருந்தது கலங்கி, பால் திரிந்தது போலத் திரிதிரியாக நிற்கும்.

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் வாழ்கிறவர்களுக்கு இந்த இரண்டு சோதனைகளும் வேடிக்கையோடு முடிகிற விஷயம் அல்ல. நம் பாட்டன்மார் கை ஊறிப்போகச் செய்த வேலையின் உள்விளக்கம் இது.

துவர்ப்பு என்னும் வேதியியல்

கடுக்காயில், ஆவாரம்பட்டையில், வேலம்பட்டையில், தேயிலையில் டானின் என்கிற பொருள் இருக்கிறது. அது இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். புரதத்தோடு சேர்ந்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முட்டை வெள்ளைக்கரு புரதம். அதனால்தான் திரிந்தது. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பெரும்பாலும் புரத நார்கள்தான். பட்டைச்சாற்றில் ஊறும்போது டானின் அந்த நார்களைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு கிருமிகளால் அதை எளிதில் தின்ன முடிவதில்லை. மூன்றே நாளில் அழுகிப் போக வேண்டிய தோல், முப்பது வருடம் உழைக்கும் செருப்பாகவும் பையாகவும் ஆவதற்கான முதல் அறிவு இங்கே இருக்கிறது.

பிள்ளையிடம் ஒரு நாவல்பழத்தையோ சிறு துண்டு கடுக்காயையோ கொடுத்து மெல்லச் சொல்லுங்கள். நாக்கு இழுத்துப் பிடிக்கும், வாய் வறண்டதுபோல் ஆகும். எச்சிலில் இருக்கும் புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால் வரும் உணர்வு அது. அதைத்தான் நாம் துவர்ப்பு என்கிறோம். வாயில் நடப்பதும் தோல் குழியில் நடப்பதும் ஒரே காரியம்தான்.

பட்டையில் பதனிட்ட தோலின் மேல் ஈர இரும்பு பட்டால் கறுப்புக் கறை விழும். அதனால் பழைய தொழிலாளிகள் இரும்பைத் தோலருகே விடமாட்டார்கள். பள்ளிக்கூடம் போகாத அந்த மனிதர்கள் நம் கடுக்காய்ச் சோதனையின் முடிவை அறிந்துதான் வேலை செய்தார்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்டு இங்கிருந்து கப்பலேறிய தோலுக்கு ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்று உலகச் சந்தையில் தனிப்பெயர். இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

அந்த அறிவுக்கு நம் சமூகம் கொடுத்த மரியாதை என்ன? புறநானூற்றின் 82ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, மனைவிக்குப் பிரசவ வேளை, மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. அந்த அவசரத்தில் கட்டிலுக்கு வார் பின்னுகிற ஒருவனுடைய கையில் ஊசி எவ்வளவு வேகமாகப் போகுமோ, அவ்வளவு வேகமாக நடந்ததாம் மன்னனின் போர். மன்னனின் வீரத்துக்கு உவமை சொல்ல அந்தக் கைவேகம் புலவருக்கு வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கைக்குச் சொந்தக்காரனைக் குறிக்க அவர் எடுத்த சொல்லிலேயே இழிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ் முதுகலை வகுப்பில் உவமை நயத்துக்காக அந்தப் பாட்டைப் பாடமாக நடத்துகிறார்கள். அந்த மனிதனின் தொழிலறிவைப் பற்றி ஒரு கேள்விகூட வினாத்தாளில் வருவதில்லை.

1948இல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே தோலை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெறலாம். உலகமெங்கும் போய் உரையாற்றலாம். அதே தோலைக் காலனிக்காரன் தொட்டால் தீட்டு என்றது ஊர். பொருள் ஒன்றுதான். தொடுகிற கை யாருடையது என்பதைப் பார்த்து ஒன்றுக்கு விஞ்ஞானம் என்றும் மற்றதற்கு இழிதொழில் என்றும் பெயர் வைத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு அறிவியல் ஆர்வம் ஊட்ட நினைக்கும்போது இந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும். அறிவியல் எங்கோ வெளியூரிலிருந்து வந்த சரக்கு அல்ல, உன் தாத்தாவின் கையில் இருந்தது என்று தெரிந்த பிள்ளை பாடப் புத்தகத்தைத் திறக்கும் விதமே வேறு.

‘தொடாதே’ என்கிற முதல் பாடம்

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக்காட்ட ஆசிரியர் சிறுவன் அம்பேத்கரை அழைத்தார். வகுப்பில் கூச்சல் எழுந்தது. பலகைக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகள் தங்கள் சாப்பாட்டு டப்பாக்களை வைத்திருந்தார்கள். அவர் பலகையைத் தொடும் முன்பே ஓடிப்போய் டப்பாக்களை அப்புறப்படுத்தினார்கள். அதற்கு முன்பு படித்த பள்ளியில் குழாயை அவராகத் திறக்கக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடுதான் இருக்க வேண்டும். இதை அண்ணலே தன் நினைவுக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

அறிவியலின் முதல் சொல் ‘தொட்டுப் பார்’. தீண்டாமையின் முதல் சொல் ‘தொடாதே’. இந்த இரண்டும் ஒரு வகுப்பறைக்குள் சேர்ந்து இருக்க முடியாது. கரும்பலகையும் குழாயும் இன்று சட்டப்படி எல்லோருக்கும் பொது. ஆனால் ‘தொடாதே’ வேறு உருவங்களில் தொடர்கிறது. நான் படித்த பள்ளியில் ஆய்வகம் இருந்தது. அதில் பூட்டும் இருந்தது. கண்ணாடிக் குடுவைகளை அலமாரிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. ‘உடைச்சிடுவீங்க’ என்பார்கள். எந்தத் தெருப் பிள்ளைகளைப் பார்த்து அந்த வார்த்தை அதிகமாகச் சொல்லப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை. தேர்வுக்கு முதல் நாள் படம் வரைந்து, ‘சோதனை செய்தேன்’ என்று நோட்டில் எழுதினோம். செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதிப் பழகிய தலைமுறை நாங்கள்.

அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் கேட்டறியும் உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. 1976இல் 42ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டது அது. கடமை எல்லோருக்கும் உண்டு என்றால், அதை நிறைவேற்றும் வாய்ப்பும் எல்லோருக்கும் வேண்டும். பள்ளி ஆய்வகத்தின் சாவியைக் கேட்டுப் போராடுவோம். சாவி வரும்வரை அடுப்படி திறந்துதானே இருக்கிறது?

முன்பே நடந்து காட்டியவர்கள்

மைக்கேல் ஃபாரடே லண்டன் அருகே ஒரு கொல்லரின் மகன். 14 வயதில் புத்தகம் தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தைக்க வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார். மின்சாரத்தை உருவாக்கும் வழியை உலகத்துக்குச் சொன்ன அவர் பிள்ளைகளை மறக்கவில்லை. 1825இல் அவர் முயற்சியால் தொடங்கிய சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் இன்றும் நடக்கின்றன. ஒரே ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார் அவர். பொருள் சிறியதாக இருந்தாலும் கேள்வி பெரிதாக இருக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

நம் நாட்டில் 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புதிய முறை தொடங்கியது. மனப்பாடம் இல்லை, கிராமத்தில் கிடைக்கும் பொருள்களை வைத்துப் பிள்ளைகளே சோதனை செய்ய வேண்டும். தேர்வறையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். 1978இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 2002இல் அரசு அதை நிறுத்திவிட்டது. ஆனால் அதன் விதை வேறெங்கோ விழுந்திருந்தது. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா அந்த ஊர்ச் சந்தையில் சைக்கிள் வால்வு டியூபைப் பார்த்தார். அதைச் சிறுதுண்டுகளாக வெட்டித் தீக்குச்சிகளை இணைத்தார். நீங்களும் செய்து பாருங்கள். நான்கு குச்சிகளால் சதுரம் செய்து அழுத்தினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்தால் எந்தப் பக்கம் அழுத்தினாலும் அசையாது. நம் கூரைச் சட்டங்கள் ஏன் முக்கோணமாக இருக்கின்றன என்பது அப்போது புரியும். குப்பையிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்லிக்கொடுத்த அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

தமிழ்நாட்டில் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் கலைக்குழுக்களோடு தெருத்தெருவாக அறிவியலைக் கொண்டுசென்றது. அதன் ‘துளிர்’ சிறுவர் இதழ் 1987 முதல் வருகிறது. 2022 நவம்பர் 28 அன்று அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக ‘வானவில் மன்றம்’ தொடங்கப்பட்டது. சோதனைப் பொருள்களோடு கருத்தாளர்கள் இரு சக்கர வாகனத்தில் பள்ளிக்கு வருவார்கள். அந்தத் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்த இடம் திருச்சி காட்டூரில் உள்ள ஆதிதிராவிடர் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. உங்கள் பிள்ளையின் பள்ளிக்குக் கருத்தாளர் வருகிறாரா, எத்தனை முறை வருகிறார் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மஞ்சள் தாள்

இனி நம் வீட்டுக்கு வருவோம். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவையுங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைக் கரைத்த நீரில் ஒரு சொட்டு அதன்மேல் வையுங்கள். சிவக்கும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதனால்தான். அந்தச் சிவப்பின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடியும் மஞ்சளாகும். சோப்பு நீர், புளித் தண்ணீர், மோர், சமையல் சோடா என்று ஒவ்வொன்றாகப் பிள்ளை சோதித்துப் பார்க்கட்டும். சிவக்க வைப்பவை ஒரு பட்டியல். மஞ்சளாகவே விடுபவை இன்னொரு பட்டியல். காரம், அமிலம் என்று புத்தகத்தில் இருப்பது இதுதான்.

இப்போது பிள்ளையைத் தன் அப்பாவிடம் கேட்கச் சொல்லுங்கள்: ‘நைனா, டேனரியில சுண்ணாம்பு போயிடுச்சான்னு எப்படிப் பாப்பாங்க?’ முடி நீங்குவதற்காகச் சுண்ணாம்பில் ஊறிய தோலைக் கழுவிய பிறகு, ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி, வெட்டிய இடத்தில் ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். இளஞ்சிவப்பு வந்தால் உள்ளே இன்னும் சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறது என்று பொருள். அந்தச் சொட்டின் பெயர் பினால்ப்தலீன். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் ஆய்வகத்தில் பிள்ளைகள் பயந்து பயந்து தொடுகிற அதே பினால்ப்தலீன்தான். அப்பாவுக்கு அதன் பெயர் தெரியாமல் இருக்கலாம். அது என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும்.

உப்பு என்ன செய்யும்?

ஓர் உருளைக்கிழங்கைத் தோல்சீவி, ஒரே தடிமனில் இரண்டு வில்லைகள் வெட்டுங்கள். ஒன்றை வெறும் தண்ணீரிலும், மற்றதை இரண்டு ஸ்பூன் உப்புக் கரைத்த அரை தம்ளர் தண்ணீரிலும் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து வளைத்துப் பாருங்கள். வெறும் தண்ணீரில் கிடந்தது விறைப்பாக இருக்கும். உப்புத் தண்ணீரில் கிடந்தது துவண்டுபோகும். உப்பு, கிழங்கின் செல்களில் இருந்த தண்ணீரை வெளியே இழுத்துவிட்டது. ஊறுகாய் கெடாமல் இருப்பதும், பச்சைத்தோலுக்கு உப்புத் தடவி வைப்பதும் இந்தக் கணக்கில்தான். தண்ணீர் இல்லாமல் கிருமி பிழைக்காது.

கிருமிக்கு நேர்வது நெல் வேருக்கும் நேரும். மூன்று தட்டுகளில் ஈரத்துணி விரித்து, ஒவ்வொன்றிலும் இருபது பச்சைப்பயறு வையுங்கள். முதல் தட்டுக்கு மழைத் தண்ணீர் அல்லது கேன் தண்ணீர். இரண்டாவதற்கு உங்கள் தெரு போர்வெல் தண்ணீர். மூன்றாவதற்கு ஒரு தம்ளருக்கு ஒரு ஸ்பூன் உப்புக் கரைத்த தண்ணீர். நான்கு நாள் காலையில் எத்தனை முளைத்தன என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். முளையின் நீளத்தை ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். ஒருமுறை செய்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். மூன்று முறை செய்யட்டும். ஒரே முடிவு திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்ப்பதுதான் விஞ்ஞானியின் பழக்கம்.

அடுத்து, ஒரே அளவு எவர்சில்வர் தட்டுகள் இரண்டில் மழைத் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் ஒவ்வொரு தம்ளர் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். காய்ந்தபின் எந்தத் தட்டில் வெள்ளைப் படிவு அதிகம்? குடிநீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைந்த உப்புகள் வரை ஏற்கலாம் என்கிறது இந்திய தர நிர்ணயம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. அதாவது, ஒரு லிட்டரைச் சுண்டவைத்தால் மிச்சம் 2 கிராமைத் தாண்டக் கூடாது. சுண்டவைக்கும் வேலையைப் பெரியவர்கள் செய்து, காலிப் பாத்திரத்தின் எடையையும் பிறகு படிவோடு சேர்ந்த எடையையும் துல்லியமான தராசில் பார்த்தால் போதும். ஏழாம் வகுப்புப் பிள்ளை கழித்து விடை சொல்லிவிடும்.

விடைக்குப் பின்னால் ஒரு வழக்கு

இந்தத் தட்டுகளும் பயறுகளும் நம் மாவட்டங்களில் ஒரு பெரிய வழக்கின் சிறிய வடிவம். தோல் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ விளைச்சலுக்கு உதவாமல் போனது என்றும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்கிற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக ஊன்றியதும் அந்தத் தீர்ப்பால்தான். 2025 ஜனவரி 30 அன்று இதே பிரச்சினையில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பேச வேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, ஆற்றைச் சீர்செய்ய ஒரு குழு என்று உத்தரவுகள் வந்தன. இடையில் 28 ஆண்டுகளுக்கு மேல். முதல் தீர்ப்பு வந்தபோது பிறந்த பிள்ளைக்கு இப்போது பிள்ளை இருக்கலாம்.

டேனரியில் கூலி வாங்கியவர்களும், அதன் கழிவுநீரைக் குடித்தவர்களும், அதனால் விளைச்சல் இழந்த நிலத்தில் கூலி வேலை இழந்தவர்களும் பெரும்பாலும் ஒரே மக்கள்தான்: தலித்துகளும் ஏழை முஸ்லிம்களும். நமக்கு வேலையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம் என்று யாராவது சொன்னால், எண்களோடு பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் நமக்கு வேண்டும்.

அடுப்படிச் சோதனைக்கு எல்லை உண்டு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உப்பு கண்ணுக்குத் தெரியும், குரோமியம் தெரியாது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர் ஆய்வகம் உண்டு. ஊராட்சி மூலம் மாதிரி அனுப்பச் சொல்லுங்கள். முன்பு சோதித்த அறிக்கை இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். வீட்டில் தட்டைக் காயவைத்துப் பார்த்த பிள்ளைக்கு அந்த அறிக்கையின் ஒவ்வொரு வரியும் புரியும்.

மெழுகுவத்தி சொல்லும் எச்சரிக்கை

ஒரு பெரிய பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டு, எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். நுரைத்து அடங்கட்டும். பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி எரியட்டும். பாத்திரத்தை மெல்லச் சாய்த்து, திரவம் சிந்தாமல், உள்ளே இருக்கும் ‘ஒன்றுமில்லாததை’ மட்டும் சுடரின் மேல் ஊற்றுங்கள். சுடர் அணைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் பள்ளத்தில் தேங்கும், தண்ணீர்போல ஊற்றவும் முடியும்.

பிள்ளைகள் கைதட்டுவார்கள். தட்டட்டும். பிறகு சொல்லுங்கள்: மலக்குழியிலும் டேனரித் தொட்டியிலும் இறங்கிய நம் மனிதர்களைக் கொன்றதும் இப்படித் தேங்குகிற வாயுதான். அங்கே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்; அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். ‘நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்று நினைத்த கணமே ஆபத்தான கணம். தூக்கப் போனவரும் விழுவது அதனால்தான். மனிதரைக் குழியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணம் உயிரைத் திருப்பித் தராது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. எந்த வேலையை ஏன் மறுக்க வேண்டும், எந்தப் பாதுகாப்பை ஏன் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதும் அறிவியல்தான். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: உண்மையான குழியருகே தீக்குச்சியோ மெழுகுவத்தியோ கொண்டுபோகக் கூடாது. அங்கே மீத்தேன் தீப்பிடித்து வெடிக்கலாம்.

ஷூ பெட்டிக்குள் சூரியன்

ஆம்பூரில் ஷூ பெட்டிக்குப் பஞ்சமில்லை. அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்யலாம். அல்லது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பர் தைக்கலாம். இரண்டு பெட்டிகளை நீளவாக்கில் ஒட்டி, நடுத் தடுப்புகளை வெட்டி எடுத்து, ஒரே நீண்ட பெட்டியாக்குங்கள். ஒரு முனையில் சிறு சதுரம் வெட்டி, சாக்லெட் சுற்றிய வெள்ளித் தாளை ஒட்டி, குண்டூசியால் ஒரே ஒரு துளை போடுங்கள். எதிர்முனையின் உள்பக்கம் வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். அதைப் பார்ப்பதற்குப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிறு சன்னல். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை சூரியன் பக்கம் இருக்கும்படி பிடித்தால், வெள்ளைத் தாளில் ஒரு சிறு வட்ட ஒளி விழும். அது வெறும் வெளிச்சப் புள்ளி அல்ல, சூரியனின் பிம்பம். துளை வழியாகச் சூரியனை ஒருபோதும் நேராகப் பார்க்கக் கூடாது.

பெட்டியின் நீளம் 66 சென்டிமீட்டர் என்றால் பிம்பத்தின் குறுக்களவு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் இருக்கும். அதாவது நீளத்தில் 110இல் ஒரு பங்கு. சூரியன் இருக்கும் தூரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர். அதையும் 110ஆல் வகுத்தால் 13 லட்சத்து 60 ஆயிரத்துச் சொச்சம். சூரியனின் உண்மையான விட்டம் சுமார் 13 லட்சத்து 90 ஆயிரம் கிலோமீட்டர். காலனித் தெருவில் நின்று, ஷூ பெட்டியையும் ஸ்கேலையும் வைத்து, ஒரு பிள்ளை சூரியனை அளந்துவிட்டது.

அந்தப் பிள்ளையை வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் காவலூருக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. 1977இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தபோது, அதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று. பொதுமக்களை அனுமதிக்கும் நாளை விசாரித்துக்கொண்டு போங்கள். கார்ல் சேகனைப்போல அறிவியல் எழுத்தாளராக விரும்பிய ரோகித் வெமுலாவை 2016இல் இழந்தோம். நட்சத்திரங்களைப் பார்த்த கண்கள் நம் தெருக்களில் இன்னும் நிறைய வேண்டும்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

எழுதப் படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். உங்களுக்கு விடை தெரிய வேண்டியதில்லை. ‘அப்புறம் என்ன ஆச்சு?’, ‘ஏன் அப்படி?’, ‘மறுபடி செஞ்சாலும் அப்படியே வருமா?’ என்று இந்த மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொடுங்கள். தேதி, என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது என்று நான்கு விஷயங்களைப் பிள்ளை எழுதட்டும். நினைத்தது நடக்காவிட்டால் அடிக்காதீர்கள், அழிக்கவும் சொல்லாதீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் அறிவியலின் நேர்மை. செய்யாததைச் செய்ததாக எழுதும் பழக்கம் எங்கள் தலைமுறையோடு போகட்டும்.

பையன் சோதனை செய்ய, பெண் பாத்திரம் கழுவ என்று வீட்டுக்குள் இன்னொரு தீண்டாமையை வைத்துக்கொள்ள வேண்டாம். குச்சியைப் பெண் பிள்ளை கையில் முதலில் கொடுங்கள். நெருப்பு இருக்கும் சோதனையில் பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். டேனரி மருந்து, ஷூ ஒட்டும் பசை, ஆசிட், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றைப் பிள்ளைகள் தொடக் கூடாது. கம்பெனியிலிருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. சோதனை செய்த எதையும் வாயில் வைக்கக் கூடாது. தின்பதற்கான நாவல்பழத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

படித்த இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஏப்ரல் 14 அன்றும் நம் தெருக்களில் கொடி ஏற்றுகிறோம், படத்துக்கு மாலை போடுகிறோம், ஒலிபெருக்கி கட்டுகிறோம், சோறு போடுகிறோம். எல்லாம் இருக்கட்டும். வரும் ஏப்ரல் 14 அன்று அதே பந்தலின் ஓரத்தில் ஒரு மேசை போடுங்கள். அதன்மேல் மஞ்சள் தாள், கடுக்காய் நீர், மூன்று தட்டு முளைப்பயறு, ஷூ பெட்டி ஆகியவற்றை வையுங்கள். மேசைக்குப் பின்னால் விளக்கம் சொல்ல எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நிற்கட்டும். கரும்பலகை ஒன்றும் இருக்கட்டும். பார்க்க வருகிறவர்கள், எந்தத் தெருக்காரராக இருந்தாலும், எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம் என்று அதில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.